பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் டார்வின் எந்த டார்வின்?

2009 நவம்பர் 24 அன்று லண்டனில் கிறிஸ்டிஸ் நிறுவனம் ஒரு பழைய புத்தகத்தை ஏலம் விட்டது. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஒரு குடும்பத்தார் அதைத் தம் வீட்டு விருந்தினர் கழிப்பறையின் அலமாரியில் வைத்திருந்தனர். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு கடையில் சில ஷில்லிங்குகளுக்கு வாங்கியது அது. டார்வினைப் பற்றிய கண்காட்சியொன்றில் அதே முதுகட்டையின் படத்தைக் கண்ட பிறகே, கையிலிருப்பது 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1859ஆம் ஆண்டு முதற்பதிப்பு என்பது அக்குடும்பத்துக்குத் தெரியவந்தது. அந்நூல் வெளியாகிச் சரியாக 150 ஆண்டுகள் நிறைந்த நாளில் அப்பிரதி 1,03,250 பவுண்டுக்கு விலைபோயிற்று.

இதே நூலின் வேறு பிரதிகள் தில்லி தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையிலும் கொல்கத்தாவின் காலேஜ் தெருவிலும் ஒரு வேளை உணவுக்கான செலவில் கிடைக்கும். சேகரிப்பாளர் முதலில் கேட்பது 'எத்தனையாவது பதிப்பு?' என்பதே. படிப்பவர் அக்கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. 'டார்வின் 1859இல் கூறினார்' என்று எழுதிவிட்டு, 1872ஆம் ஆண்டுப் பாடத்திலிருந்து மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் அரியன அல்ல. சேகரிப்பாளருக்குப் பதிப்பு வேறுபாடு பணம் சார்ந்தது. படிப்பவருக்கோ அது பொருள் சார்ந்தது. இரண்டில் இதுவே பெரியது.

இவ்வேறுபாட்டின் அளவை முதன்முதலாக முழுமையாகக் கணக்கிட்டவர் அமெரிக்க இலக்கிய அறிஞர் மோர்ஸ் பெக்கம். டார்வின் உயிரோடிருந்தபோது வெளிவந்த ஆறு பதிப்புகளையும் வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட்டு, பாடபேதங்கள் அனைத்தையும் திரட்டிய பதிப்பை அவர் 1959இல் வெளியிட்டார். முதற்பதிப்பில் இருந்தவை 3,878 வாக்கியங்கள். அவற்றுள் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஒரு முறை முதல் ஐந்து முறை வரை, திருத்தி எழுதப்பட்டது. 1,500க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. ஆறாம் பதிப்பு முதற்பதிப்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீண்டது. படியெடுத்தோர் கைப்பட்டுத் திரிந்த சுவடிகளுக்கு நடுவே மூலத்தைத் தேடுவது பதிப்பாசிரியர்களின் வழக்கமான பணி. இங்கோ பாடத்தைத் திரித்தவர் மூலநூலாசிரியரே.

நூல் பிறந்த கதையிலேயே பழைய புத்தகச் சந்தைக்கும் ஓர் இடம் உண்டு. ஜான் மர்ரே பதிப்பகம் 1859இல் 1,250 பிரதிகள் அச்சிட்டது. வெளியீட்டுக்கு முன்பே வணிகர்கள் கேட்ட பிரதிகளின் எண்ணிக்கை கைவசமிருந்ததைத் தாண்டிவிட்டது. வணிகர்களுக்கு விற்ற முதல் நாளிலேயே நூல் தீர்ந்துபோயிற்று என்னும் புகழ்பெற்ற கூற்றுக்கு அடிப்படை இதுதான். அப்பிரதிகளுள் 500ஐ வாங்கியது மூடி நடத்திய சந்தா நூலகம். கட்டணம் செலுத்தியோருக்கு நூல்களைச் சுற்றுக்கு விடுவதும், கேட்பாரற்றுப் போனவற்றைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் அந்நிறுவனத்தின் தொழில். ஆகவே டார்வினின் தொடக்க வாசகர்களுள் கணிசமானோர் இரவல் பிரதியில் படித்தவர்களே.

முதற்பதிப்பை அடையாளம் காண நூலடைவாளர்கள் நாடும் சான்றுகளுள் ஒன்று 20ஆம் பக்கத்தின் 11ஆம் வரியில் உள்ள அச்சுப்பிழை. 'ஸ்பீசிஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நடுவே ஓர் 'ஈ' எழுத்து மிகையாக நுழைந்திருக்கும். உயிரினத்தைப் பற்றிய நூலில் 'உயிரினம்' என்ற சொல்லே பிழைபட அச்சேறியது அச்சுக்கோப்பாளரின் கைங்கர்யம். பிழையைக் கொண்டு பிரதியின் வழிமுறையை அறிவது டார்வினுக்கு முன்பே ஐரோப்பிய மூலபாட ஆய்வாளர்கள் கையாண்ட முறை. இரு சுவடிகளில் ஒரே பிழை இருப்பின் இரண்டுக்கும் பொது மூதாதை ஒன்று உண்டு என அவர்கள் ஊகித்தனர். அவ்வாறே சுவடிகளுக்கு மரபுமரம் வரைந்தனர். மொழிகளுக்கு அத்தகைய மரத்தை ஆகஸ்ட் ஷ்லைஷர் 1853இலேயே வரைந்துவிட்டார். டார்வினும் தம் முதற்பதிப்பின் 13ஆம் அத்தியாயத்தில், வகைப்பாடு என்பது வம்சாவளியே என்பதை விளக்க மொழிகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். மொழியியலார் டார்வினிடமிருந்து மரத்தைக் கடன்வாங்கினர் என்பது பரவலான எண்ணம். காலவரிசை அதற்கு இடம் தருவதில்லை.

அதே 20ஆம் பக்கத்தில் இந்தியாவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. வீட்டுப் புறாக்களை ஆராயத் தமக்குப் புறாத் தோல்களை அனுப்பி உதவியவர்களுள் இந்தியாவிலிருந்து டபிள்யூ. எலியட் என்பவரை டார்வின் நன்றியோடு குறிப்பிடுகிறார். இவர் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களை 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவர். தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதியவர். டார்வின் தோல்கள் கேட்டு அவருக்கு எழுதியது 1856இல். அதற்கு முந்தைய பக்கத்தில் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர் எட்வர்டு பிளைத் வருகிறார். வீட்டுக் கோழிகள் அனைத்தும் இந்தியக் காட்டுக்கோழியின் வழிவந்தவை என்னும் அவருடைய கருத்தை டார்வின் பெருமதிப்போடு எடுத்தாளுகிறார். பரிணாமக் கொள்கை இந்தியாவுக்குப் பாடநூல் வழியே பின்னாளில் வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. அதற்கான சான்றுகளுள் சில கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியவை.

மாற்றங்கள் உடனடியாகவே தொடங்கின. 1860 ஜனவரியில் 3,000 பிரதிகளோடு வந்த இரண்டாம் பதிப்பில் இரு திருத்தங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது கரடியைப் பற்றியது. வட அமெரிக்காவில் கருங்கரடி ஒன்று வாயை அகலத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்திப் பூச்சிகளைப் பிடித்ததாக ஒரு பயணி எழுதியிருந்தார். அத்தகைய கரடியினம் இயற்கைத் தேர்வால் படிப்படியாக நீர்வாழ்வுக்குப் பழகித் திமிங்கிலம் போன்ற உயிராகவும் மாறக்கூடும் என்று முதற்பதிப்பு துணிந்து ஊகித்தது. அது கேலிக்கு உள்ளானது; இரண்டாம் பதிப்பில் ஊகம் நீக்கப்பட்டு, கரடி நீந்தும் செய்தி மட்டும் எஞ்சியது. திமிங்கிலங்கள் நிலவாழ் பாலூட்டிகளிலிருந்து வந்தவை என்பதைப் பிற்காலத் தொல்லுயிர்ச் சான்றுகள் நிறுவிவிட்டன. ஆனால் அவற்றின் மூதாதை கரடி அன்று. குளம்புள்ள விலங்குகளின் உறவினம். ஊகத்தின் திசை சரி, விலங்குதான் தவறு.

இரண்டாவது திருத்தம் நூலின் இறுதி வாக்கியத்தில். தொடக்கத்தில் சில உயிர்வடிவங்களுக்குள் அல்லது ஒன்றனுள் உயிர் ஊதப்பட்டது என்று முதற்பதிப்பு செயப்பாட்டுவினையில் முடிகிறது. ஊதியவர் எவர் என்று அங்கே கூறப்படவில்லை. இரண்டாம் பதிப்பில் 'படைத்தவரால்' என்னும் பொருள்படும் சொற்கள் இடையே சேர்ந்தன. இலக்கண நோக்கில் அது விடுபட்ட கருத்தாவை நிரப்பிய சிறு திருத்தமே. வரலாற்றிலோ அதன் எடை மிகப் பெரிது. படைப்பு சார்ந்த விவிலியச் சொல்லாட்சிக்கு இணங்கிப் பொதுக்கருத்துக்குப் பணிந்துபோனதற்காகத் தாம் நெடுநாளாக வருந்துவதாக 1863இல் தாவரவியலாளர் ஹூக்கருக்கு டார்வின் கடிதம் எழுதினார். எனினும் இறுதி வாக்கியத்தில் அச்சொற்கள் ஆறாம் பதிப்பு வரை நீடித்தன. டார்வின் கடவுள் நம்பிக்கையாளர் என்று நிறுவ முயல்வோர் இவ்வாக்கியத்தை முன்வைப்பதும், மறுப்போர் அதே வாக்கியத்தை வேறு விதமாகக் காட்டுவதும் இன்றும் நிகழ்கின்றன. இரு தரப்பினரும் வெவ்வேறு பதிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடுகின்றனர் என்பதை இரு தரப்பினரும் கவனிப்பதில்லை.

காலக் கணக்கின் கதை இதனினும் சுவையானது. தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்ட் பகுதி அரிமானத்தால் தேய்ந்து இன்றைய நிலையை அடைய 30,66,62,400 ஆண்டுகள் பிடித்திருக்கும் என்று முதற்பதிப்பில் டார்வின் கணக்கிட்டிருந்தார். தோராயமான கணக்குக்கு இத்தனை துல்லியமான எண் தேவையில்லை என்பது எவருக்கும் தோன்றும். நிலவியலாளர்கள் கண்டித்தனர், 1861இல் வந்த மூன்றாம் பதிப்பில் கணக்கு முழுவதும் காணாமற்போனது. அடுத்த ஆண்டே இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என அறியப்பட்டவர், பூமி குளிர்ந்துவரும் வேகத்தைக் கொண்டு அதன் வயதைக் கணக்கிட்டார். அவர் வகுத்த எல்லை 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள் வரை. விரும்பிய எண் 10 கோடிக்கு அருகில். மெதுவாகச் செயற்படும் இயற்கைத் தேர்வுக்கு அது போதாது. பிந்தைய பதிப்புகளில் டார்வின் இதற்கு முகங்கொடுக்க நேர்ந்தது. உலகின் தொடக்கக் காலத்தில் மாற்றங்கள் விரைவாக நிகழ்ந்திருக்கக்கூடும் என்ற அளவுக்கு இறங்கிவந்தார். பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் என்பது இருபதாம் நூற்றாண்டில் கதிரியக்க முறையால் அறியப்பட்டது. அதாவது தவறான இயற்பியலுக்கு அஞ்சி, சரியான திசையில் சென்ற உயிரியல் பின்வாங்கியது. ஆறாம் பதிப்பைப் படிக்கும் மாணவருக்கு அந்தப் பின்வாங்கல் மட்டுமே தெரியும். எதிலிருந்து பின்வாங்கினார் என்பது தெரியாது.

1867இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்னும் பொறியாளர் எழுதிய மதிப்புரை இன்னொரு அடி. பெற்றோரின் பண்புகள் பாலும் நீரும்போலப் பிள்ளையிடம் கலக்கின்றன என்பதே அன்றைய பொதுக்கருத்து. அப்படியானால் ஓர் உயிரிடம் தற்செயலாகத் தோன்றும் நல்ல மாறுபாடு சில தலைமுறைகளில் நீர்த்துப்போகும். தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. இதன் வலிமையை டார்வின் ஒப்புக்கொண்டார். 1869இன் ஐந்தாம் பதிப்பு அதன் தடத்தைத் தாங்கியுள்ளது. உறுப்புகளைப் பயன்படுத்துவதாலும் பயன்படுத்தாமையாலும் உண்டாகும் மாற்றங்கள் மரபுவழி கடத்தப்படும் என்னும் லாமார்க்கிய விளக்கம் முதற்பதிப்பிலேயே உண்டு. பிந்தைய பதிப்புகளில் அதன் பங்கு கூடிற்று.

ஜென்கினின் வாதத்தை உடைக்கும் விடை அதற்கு ஓராண்டு முன்பே அச்சாகியிருந்தது. அது கிரெகோர் மெண்டலின் 1866ஆம் ஆண்டுக் கட்டுரை. மெண்டல் வைத்திருந்தது 1863இல் வந்த டார்வின் நூலின் இரண்டாம் ஜெர்மன் பதிப்பு; பக்க ஓரங்களில் அவர் இட்ட குறிகளோடு அப்பிரதி இன்றும் உள்ளது. மூன்றாம் ஆங்கிலப் பதிப்பை ஒட்டியது அது; ஆகவே மெண்டல் படித்த டார்வின், ஜென்கினுக்கு முந்தைய டார்வின். மறுதிசையில், மெண்டலின் கட்டுரை டார்வினின் நூலகத்தில் தாள் பிரிக்கப்படாமல் கிடந்தது என்ற கதை வகுப்பறைகளில் உலவுகிறது. அக்கட்டுரை அந்நூலகத்தில் இருந்ததற்குச் சான்றே இல்லை. அங்கே தாள் பிரிக்கப்படாமல் இருந்தவை மெண்டலைக் குறிப்பிடும் வேறொருவர் நூலின் பக்கங்கள்: 1881இல் ஃபோக்கே எழுதிய, கலப்பினத் தாவரங்கள் பற்றிய நூல். நல்ல கதைக்காகப் பிரதியை மாற்றிவிட்டனர்.

'தக்கன பிழைத்தல்' என்னும் தொடரும் முதற்பதிப்பில் இல்லை. அது 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆக்கியது. 'இயற்கைத் தேர்வு' என்றால் தேர்பவர் ஒருவர் இருப்பதுபோல் படிப்போர் மயங்குகின்றனர். ஸ்பென்சரின் தொடரை மேற்கொள்ளுங்கள் என்று 1866 ஜூலையில் டார்வினுக்கு வற்புறுத்தி எழுதியவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். டார்வின் அனுப்பிய முதற்பதிப்புப் பிரதி ஒன்று வாலஸிடம் இருந்தது. அதில் பல இடங்களில் 'இயற்கைத் தேர்வு' என்பதை அடித்துவிட்டு 'தக்கன பிழைத்தல்' என்று அவர் தம் கையால் எழுதியிருக்கிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள அப்பிரதி, ஒரு வாசகரின் திருத்தம் ஆசிரியரின் பாடமாக மாறிய அரிய வழக்குக்குச் சான்று. ஐந்தாம் பதிப்பில் நான்காம் அத்தியாயத்தின் தலைப்பிலேயே இத்தொடர் ஏறிவிட்டது. வாலஸ் ஓர் உருவகத்தைக் களையத் தேடிய சொல், வலியோர் வெல்வதே இயற்கை நியதி என்னும் அரசியலுக்குப் பின்னர் கொடியாயிற்று. மாற்றாக வந்த சொல்லுக்கும் தனக்கென ஒரு சுமை உண்டு என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

'பரிணாமம்' என நாம் மொழிபெயர்க்கும் 'எவல்யூஷன்' என்னும் சொல்லும் அவ்வாறே. முதற்பதிப்பின் இறுதிச் சொல் அதன் வினைவடிவம். ஆனால் பெயர்ச்சொல் நூலில் எங்கும் இல்லை. அது வருவது 1872இன் ஆறாம் பதிப்பில்தான். இலத்தீனில் அச்சொல் சுருளேட்டை விரித்துப் படிப்பதைக் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவியலில், முன்பே முழுமையாக அமைந்த உயிர் மெல்ல விரிவதை அது சுட்டியது. முன்கூட்டி எழுதப்படாத மாற்றத்தைப் பேசவந்த டார்வினுக்கு அது ஒவ்வாச் சொல். 'மாறுபாட்டோடு கூடிய வழிவரவு' என்பதே அவர் விரும்பிய தொடர். தமிழில் இச்சிக்கல் இன்னும் ஒரு படி கூடியுள்ளது. 'பரிணாம வளர்ச்சி' என்று பழகிவிட்ட வழக்கில் 'வளர்ச்சி' என்னும் ஒட்டு, முன்னேற்றம் என்னும் பொருளைத் தானாகவே உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களின் 'கூர்ப்பு' இந்தச் சிறு பின்னொட்டிலிருந்தாவது தப்பியது.

ஆறாம் பதிப்பு அடக்கமான பதிப்பு. எழுத்து சிறியது, விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். லங்காஷயர் தொழிலாளர்கள் காசு சேர்த்து 15 ஷில்லிங் விலையுள்ள ஐந்தாம் பதிப்பை வாங்குகின்றனர் என்று கேள்வியுற்ற டார்வின், மலிவுப் பதிப்பை விரும்பினார். தலைப்பின் முதற்சொல்லான 'ஆன்' உதிர்ந்தது. 1871இல் தம்மைத் தாக்கி நூல் எழுதிய செயின்ட் ஜார்ஜ் மைவார்ட்டுக்கு மறுமொழியாக ஒரு புதிய அத்தியாயமே நுழைந்தது. மலிவானது, ஆசிரியர் கைப்பட்ட கடைசிப் பாடம் என்னும் இரு தகுதிகளால், பிற்கால மறுபதிப்புகள் பெரும்பாலும் இதையே பின்பற்றின. ஆசிரியரின் இறுதி விருப்பமே செல்லுபடியாகும் பாடம் என்பது பதிப்பியலில் மதிக்கத்தக்க கொள்கை. இந்நூலைப் பொறுத்தவரை அக்கொள்கை வாசகருக்கு நன்மை செய்யவில்லை. முதற்பதிப்பில் ஒரு நீண்ட வாதம் தடையின்றி நடக்கிறது. ஆறாம் பதிப்பில் அவ்வாதம் சில பக்கங்களுக்கு ஒரு முறை நின்று, வாயிலில் காத்திருக்கும் எதிராளி ஒருவருக்கு விடை சொல்லிவிட்டுத் தொடர்கிறது. அறிவியல் விவாதத்தின் ஆவணமாக ஆறாம் பதிப்பு ஈடற்றது. டார்வினின் கருத்தை முதன்முறை அறிய விரும்பும் மாணவர் அதில் தொடங்குவது நல்லதன்று. 1950இல் வாட்ஸ் நிறுவனம், 1964இல் எர்ன்ஸ்ட் மேயரின் முன்னுரையோடு ஹார்வர்டு, 1968இல் பெங்குவின் என முதற்பதிப்பின் பாடம் மெல்ல மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. இன்று ஆறு பதிப்புகளும் டார்வின் ஆன்லைன் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மேற்கோளில் பதிப்பைக் குறிப்பிடாமைக்கு இனிச் சாக்கு இல்லை.

பழைய கடையில் எடுத்த பிரதிக்குத் தலைப்புப் பக்கம் கிழிந்திருந்தாலும் அதன் பாடத்தை அறிய வழியுண்டு. அத்தியாயங்கள் 14 எனில் முந்தைய பாடம். 15 எனில் ஆறாம் பதிப்பு, பின்னே கலைச்சொல் அகராதியும் இருக்கும். தொடக்கத்தில் முன்னோடிகளைப் பற்றிய வரலாற்றுக் குறிப்பு இருந்தால் அது மூன்றாம் பதிப்புக்கு முந்தையதாக இருப்பது அரிது. நான்காம் அத்தியாயத் தலைப்பில் 'தக்கன பிழைத்தல்' உண்டா என்பது அடுத்த சோதனை. எவ்ரிமேன் வரிசையின் பிரதி கிடைத்தால் முன்னுரையைப் பார்க்காமல் வாங்கலாகாது. 1928இல் அதற்கு முன்னுரை எழுதியவர் டார்வினின் ஆதரவாளர் ஆர்தர் கீத். 1956 அச்சிலோ பூச்சியியலாளர் டபிள்யூ. ஆர். தாம்சனின் முன்னுரை இடம்பெற்றது. அது டார்வினின் வாதத்தையே ஐயுற்று மறுக்கும் முன்னுரை. படைப்புவாதிகள் இன்றளவும் மேற்கோள் காட்டுவது அதைத்தான், 'டார்வின் நூலின் முன்னுரையிலேயே' என்னும் அடைமொழியோடு.